கூடாரம் போடுமுன் ஒரு சுற்று நடந்து பாருங்கள்



சென்ற மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயார் தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

"சார், லீவுக்கு கேம்ப் போகணும்னு பிள்ளைங்க ஒரே பிடிவாதம். எங்க லயத்துல நாலு குடும்பம் சேர்ந்து வேன் எடுத்துக்கிட்டுப் போகலாம்னு இருக்கோம். போன்ல பார்த்தா எல்லா இடமும் அழகாத்தான் இருக்கு. எது நல்ல இடம்னு எப்படி சார் தெரிஞ்சுக்கிறது?"

நான் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாமல் ஒரு முறை இருபத்தெட்டுப் பிள்ளைகளை ஆபத்தில் படுக்க வைக்க இருந்தவன் நான். ஆகவே அந்தத் தாயாருக்குச் சொல்ல வேண்டியதை இந்த மாதம் உங்கள் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன்.

அது 2009ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். அப்போதிருந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதி முடித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஓர் ஆற்றங்கரைக்கு இரண்டு நாள் கேம்ப் அழைத்துப் போனோம். நான்கு ஆசிரியர்கள், சமையலுக்கு இரண்டு பெற்றோர். மூன்றாவதாக ஒரு தாத்தாவும் வந்தார். நாற்பது வருடம் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். பேத்தி வருகிறாளே என்று, விறகு வெட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

ஆற்றை ஒட்டி அகலமான மணல் திட்டு. பாய் விரித்ததுபோல் சமமாக இருந்தது. கல் இல்லை, முள் இல்லை. இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று நான்தான் அங்கே கூடாரம் போடச் சொன்னேன். இடத்தைப் பார்த்துக்கொள்பவரும் "இங்கெல்லாம் தண்ணீர் ஏறாது" என்று உறுதியாகச் சொன்னார். ஏழு கூடாரம் எழும்பிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

விறகு பொறுக்கப் போன தாத்தா பாதியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"சார், இங்க வந்து இத பாருங்க."

ஒரு செடியின் கிளையில், என் நெஞ்சு உயரத்தில், கிழிந்த பிளாஸ்டிக் பை ஒன்று சிக்கியிருந்தது. அதோடு காய்ந்த புல்லும் சருகும் சுற்றிக்கொண்டு கிடந்தன.

"இத யாரும் கொண்டாந்து மாட்டல சார். தண்ணி மாட்டிட்டுப் போயிருக்கு."

"அது எப்பவோ வந்த வெள்ளமா இருக்கும் தாத்தா."

"எப்பவோ வந்தது இன்னிக்கு வராதுன்னு யாரு சார் சொன்னா?"

எனக்குக் கொஞ்சம் எரிச்சல். ஏழு கூடாரத்தையும் பிரிக்க வேண்டும், பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள், இருட்டப் போகிறது. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்க படிச்சவங்க. உங்க இஷ்டம். எம் பேத்தி மட்டும் இங்க படுக்க மாட்டா" என்று சொல்லி, பேத்தியின் பையையும் பாயையும் தூக்கிக்கொண்டு மேட்டில் இருந்த பொதுக் கொட்டகையை நோக்கி நடந்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சுட்டது. அவர் பேத்திக்கு ஆகாத இடம் மற்ற இருபத்தேழு பேருக்கு மட்டும் எப்படி ஆகும்? முனகிக்கொண்டேதான் கூடாரங்களைப் பிரித்தோம். எல்லாரும் கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது இரவு எட்டு மணி.

நாங்கள் இருந்த இடத்தில் அன்று இரவு ஒரு பொட்டு மழை இல்லை. வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது. ஏறக்குறைய இரண்டு மணிக்குக் கனத்த லோரி ஒன்று வருவதுபோல் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் லோரி போகிற சாலை கிடையாது. டார்ச்சு அடித்துப் பார்த்தேன். மணல் திட்டு இருந்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் உருண்டு போய்க்கொண்டிருந்தது. காலையில் வெள்ளம் வடிந்த பிறகு, நாங்கள் மறந்து விட்டுவிட்டு வந்த பெரிய சோற்றுப் பானையைக் காணவில்லை. பிள்ளைகள் படுத்திருக்க வேண்டிய இடத்தில் ஆள் பருமனுள்ள ஒரு மரம் வேரோடு கிடந்தது.

நான் பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கியவன். அந்தத் தாத்தா மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாதவர். அன்று பாடம் நடத்தியவர் அவர்தான். அவர் இப்போது உயிரோடு இல்லை.

இதை மலாயில் "கெப்பாலா ஆயேர்" என்பார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். மலை உச்சியில் பெய்யும் மழை ஓடைகள் வழியே ஒன்றுகூடி, சில நேரம் விழுந்த மரங்களும் பாறைகளும் கட்டிய தடுப்பை உடைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் கீழே இறங்கும். கீழே நிற்பவருக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் கெடா மாநிலத்தில் ஜெராய் மலையிலிருந்து இப்படித்தான் மரமும் பாறையும் சேற்றுத் தண்ணீருமாக இறங்கி யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதற்கு முன் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் பேராக்கில் கம்பார் அருகே போஸ் டிப்பாங் பூர்வகுடி கிராமத்தைச் சேற்று வெள்ளம் அடித்துச் சென்றதில் 44 பேர் மாண்டார்கள்.

தண்ணீர் ஒரு பக்கம் என்றால் மண் இன்னொரு பக்கம். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் விடியற்காலை, சிலாங்கூர் பத்தாங் காலியில் கேம்ப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களின்மேல் மலைச்சரிவு சரிந்து விழுந்தது. 31 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். பல நாளாகத் தொடர்ந்து பெய்த மழையே முக்கியக் காரணம் என்று பிறகு நடந்த விசாரணையில் சொல்லப்பட்டது. அந்த இடத்துக்கு கேம்ப் நடத்துவதற்கான லைசென்சு இருக்கவில்லை என்றும் அப்போது அதிகாரிகள் தெரிவித்தார்கள். போனவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. விடுமுறையைப் பிள்ளைகளோடு கழிக்கப் போனவர்கள் அவர்கள். நாம் போகும்போது கண்ணைத் திறந்துகொண்டு போவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

அமெரிக்காவில் வீட்டை விற்றுவிட்டு, அல்லது வீட்டு வாடகை கட்ட முடியாமல், பெரிய வேன் ஒன்றையே வீடாக்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சுற்றி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றிய ‘நோமேட்லேண்ட்’ என்ற படம் 2021ஆம் ஆண்டில் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு வாங்கியது. அங்குள்ள அரசாங்கப் பொது நிலங்கள் பலவற்றில் ஒரே இடத்தில் 14 நாளுக்குமேல் தங்க முடியாது. ஆகவே மாதத்துக்கு இரண்டு இடமாவது தேட வேண்டிய பிழைப்பு. அப்படி இடம் தேடித் தேடிப் பழகியவர்கள் சொல்வது இரண்டே விஷயம். ஒன்று, இருட்டுமுன் போய்ச் சேர்ந்துவிடு. இரண்டு, வண்டியை விட்டு இறங்கியதும் சாமானை இறக்காதே, முதலில் இடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்.

அந்த ஒரு சுற்று நடையில் என்னென்ன பார்க்க வேண்டும்? வரிசையாகச் சொல்கிறேன். வெட்டி வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தண்ணீரைப் பாருங்கள். ஆற்றோரத்து மணல் திட்டிலும், ஆற்றின் நடுவே உள்ள திடலிலும் ஒருபோதும் படுக்காதீர்கள். அந்த மணலை அங்கே கொண்டுவந்து கொட்டியதே வெள்ளம்தான். செடிகளில் சிக்கிய குப்பை, மரத்தண்டில் படிந்த சேற்றுக் கோடு, ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் புல் ஆகியவை தண்ணீர் எதுவரை வந்து போனது என்பதை எழுதி வைத்த கணக்கு. அந்தக் கோட்டுக்கு மேலேயும் நன்றாகத் தள்ளிப் போடுங்கள். பகலில் பிள்ளைகள் குளிக்கும்போது பெரியவர் ஒருவர் கரையில் நின்று ஆற்றின் மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தால், காட்டுக்குள் இரைச்சல் கேட்டால், தண்ணீர் சட்டென்று கூடினாலோ குறைந்தாலோ, துண்டையும் செருப்பையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். ஆற்றோடு ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேலே ஏறுங்கள்.

இரண்டாவது, முதுகுக்குப் பின்னால் உள்ள மேட்டைப் பாருங்கள். செங்குத்தாக வெட்டிய செம்மண் சரிவின் அடியில் படுக்கக் கூடாது. மண்ணில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், சரிவிலிருந்து கசியும் கலங்கல் தண்ணீர், புதிதாக உருண்டு விழுந்த கற்கள் இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் வேனைத் திருப்புங்கள். மேலே சாலை போகிறதா என்றும் பாருங்கள். நான்கைந்து நாள் விடாமல் மழை பெய்திருந்தால், அன்று வெயில் அடித்தாலும் மலையடிவாரம் வேண்டாம். ஊறிய மண் எந்த நேரமும் இறங்கலாம்.

மூன்றாவது, தலைக்கு மேலே பாருங்கள். தோட்டத்தில் பிறந்த நமக்கு இது தெரிந்ததுதான். காற்றடித்த மறுநாள் பெரட்டுக்குப் போனால் எந்த நிரையில் எத்தனை பால்மரம் முறிந்தது என்பதுதானே முதல் பேச்சு? பட்டுப்போன மரம், காய்ந்த கிளை, தென்னை, டுரியான் இவற்றின் கீழே கூடாரம் வேண்டாம். இடி மின்னலுக்கும் ஒரு கணக்கு உண்டு. மின்னல் கண்ணில் பட்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே தண்ணீரை விட்டு வெளியேறி, வேனுக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். தனி மரத்தடியும் கூடாரமும் அதற்குப் பாதுகாப்பு இல்லை.

நான்காவது, வெளியேறும் வழியைப் பாருங்கள். உள்ளே போவதற்கு ஆற்றைக் கடக்க வேண்டுமா? ஒரே ஒரு மரப்பாலம்தானா? அப்படியானால் வெள்ளம் வந்த இரவில் நீங்கள் அக்கரையில் மாட்டிக்கொள்வீர்கள். வேனை வெளியே போகும் திசையில் திருப்பி நிறுத்துங்கள். கைப்பேசிக்கு அலை கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் எவ்வளவு தூரம் நடந்தால் கிடைக்கும் என்று பகலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 999. பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

ஐந்தாவது, குடிநீரும் கழிப்பிடமும். பெண்களும் பிள்ளைகளும் போகும் இடத்தில் இது சின்ன விஷயம் அல்ல. கழிப்பிடத்துக்குக் கதவும் தாழ்ப்பாளும் விளக்கும் உண்டா என்று ஒரு தாயார் நேரில் போய்ப் பார்க்கட்டும். ஆற்றுத் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தாலும் தளதளவென்று கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். குப்பை குவிந்து கிடக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள சின்னக் காயம் வழியாகக் காய்ச்சலைக் கொண்டுவரும். 2010ஆம் ஆண்டில் பகாங், மாரான் வட்டாரத்தில் லுபுக் யூ ஆற்றில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்களில் 8 பேர் எலிக் காய்ச்சலாலும் மண்ணில் உள்ள இன்னொரு கிருமியாலும் இறந்தார்கள். ஆகவே காயம் உள்ள பிள்ளையை ஆற்றில் இறக்காதீர்கள். திரும்பி வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "ஆற்றில் குளித்தோம்" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆறாவது, நடத்துகிறவர் யார் என்று கேளுங்கள். வன இலாகாவின் ஹூத்தான் லிப்பூர் என்னும் பொழுதுபோக்குக் காடுகள் நாட்டில் பல உண்டு. சிலாங்கூரில் கஞ்சிங், சுங்கை தெக்காலா, நெகிரி செம்பிலானில் உலு பெண்டுல், பேராக்கில் லாத்தா கிஞ்சாங், திரெங்கானுவில் செக்காயு ஆகியவற்றைப் பலர் அறிவீர்கள். எந்த இடத்தில் எந்த நாளில் கூடாரம் போட அனுமதி உண்டு என்பது மாறும். ஆகவே புறப்படுமுன் வன இலாகா அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். தனியார் இடமானால், "கேம்ப் நடத்த லைசென்சு இருக்கிறதா? மழை வந்தால் எங்களை எங்கே கொண்டுபோய்த் தங்க வைப்பீர்கள்? இரவில் ஆள் இருப்பாரா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்லபடி நடத்துகிறவர் பதில் சொல்வார். முகம் சுளித்தால் அதுவே பதில். அவர் சொல்வதோடு நிற்காமல், பக்கத்துக் கம்பத்துக் கடையில் ஒரு தேநீர் குடித்துக்கொண்டே "இங்கே தண்ணீர் ஏறுமா?" என்று விசாரியுங்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆற்றின் குணம் தெரியும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரை மாநிலங்களில் பருவமழைக் காலம். நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேரத்தில் இடியோடு மழை கொட்டும். ஆகவே மாதத்தைப் பார்த்து மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள். வாய்ப்பிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் இருவர் மோட்டார் சைக்கிளில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வருவது மிக நல்லது. போனில் காட்டும் படம் வெயில் நாளில் எடுத்த படம் என்பதை மறக்கக் கூடாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடாரத்துக்கு இவ்வளவு என்று குறைவாகச் சொல்வார்கள். போன பிறகு ஆளுக்கு இவ்வளவு, வேன் நிறுத்த இவ்வளவு, கொட்டகைக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். "நாலு குடும்பம், இத்தனை பேர், இரண்டு இரவு, மொத்தம் எத்தனை வெள்ளி?" என்று முன்னதாகவே கேட்டு எழுதி வாங்குங்கள். முகம் தெரியாதவர் கணக்கில் முழுப் பணத்தையும் போட்டுவிடாதீர்கள். முன்பணம் கட்டிவிட்டோமே என்பதற்காக மோசமான இடத்தில் படுக்கவும் வேண்டாம். போன காசை இரண்டு நாள் கூடுதல் வேலை செய்து சம்பாதித்துக்கொள்ளலாம்.

இடம் நல்லதாக அமைந்த பிறகும் இரண்டு எச்சரிக்கை. குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். காரின் இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்காதீர்கள். இரண்டிலும் வாசனையே இல்லாத நச்சுப் புகை சேர்ந்து, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சோற்றுப் பானையையும் ரொட்டியையும் இறுக மூடி வையுங்கள். குரங்கு நம்மைவிடச் சீக்கிரம் எழுந்துவிடும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "கேம்ப்பே வேண்டாம்" என்று பிள்ளைகளை வீட்டில் அடைத்து வைத்துவிடாதீர்கள். அதற்காக இதை எழுதவில்லை. நாள் முழுவதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, ஒரு நாள் இருட்டில் உட்கார்ந்து தவளைச் சத்தத்தைக் கேட்டால் அதற்கு நல்லது. அப்பாவும் அம்மாவும் வேலைக்காட்டுக் களைப்பை மறந்து சிரிப்பதைப் பிள்ளை பார்ப்பது அதைவிட நல்லது. மனதுக்குப் பிடித்த இடம் அமையாவிட்டால் பள்ளித் திடல் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். போன வருடம் நாங்கள் அப்படித்தான் செய்தோம். கழிப்பிடம் உண்டு, குழாய்த் தண்ணீர் உண்டு, மழை வந்தால் வகுப்பறை உண்டு. கிழங்கு சுட்டுத் தின்ற பிள்ளைகள் விடியும்வரை தூங்கவே இல்லை.

அந்தத் தாயாரிடம் இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுக்கப் போகிறேன். உங்கள் வீட்டிலும் புறப்படத் தயாராக இருப்பவர்கள் உண்டென்றால் அவர்கள் கையில் கொடுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள். போகிற கூட்டத்தில் வயதானவர் ஒருவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர் "இங்க வந்து இத பாருங்க" என்று கூப்பிட்டால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உடனே போய்ப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.